கேன்ல பேரு எழுதுங்கய்யா!

கனெக்டிகட்ல பொட்டி தட்டிட்டு இருக்கற காலேஜ் தோஸ்த் ஒருத்தன் போன வாரம் போன் பண்ணான். குளிருக்கு வீட்டை சூடு பண்ண பேஸ்மெண்ட்ல எண்ணெய் டேங்க் வச்சிருக்கானாம். லாரி வந்து ரொப்பிட்டுப் போகும். இந்தத் தடவை பில்லைப் பாத்தா ஹீட்டிங் ஆயிலுக்குப் பதிலா டீசல்னு இருக்கு. "மச்சி, நீ மெக்கானிக்கல் தானே? வீடு வெடிச்சிடுமாடா?"ன்னு கேக்கறான். (படிச்சது மெக்கானிக்கல், சோறு போடறது ஜாவா. ஆனாலும் ஊர் உலகத்துக்கு நான் இன்னும் மெக்கானிக் தான் :-))

ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். அந்த ஊர்ல ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. ஹீட்டிங் ஆயிலுக்கு ரோடு வரி கிடையாது. அதை எவனாவது லாரியில ஊத்தி ஓட்டிடக் கூடாதுன்னு சிவப்பு சாயம் கலந்து விக்கறாங்க, அவ்ளோ தான். பெட்ரோல் வந்திருந்தா தான் கதை வேற. அந்தக் கதை திருவொற்றியூர்ல எங்க பில்டிங்லயே நடந்திருக்கு. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சது, இப்ப எழுதிடறேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். 4ஆம் தேதி மழை கொட்டித் தீர்த்துச்சு. எங்க ஏரியாவுல கரண்ட் போனது போனது தான். நம்ம வடசென்னைக்கு போனஸா, வெள்ளத்தோட மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வேற மிதந்து வந்துச்சு. எர்ணாவூர்ல வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. எண்ணூர் முகத்துவாரத்துல படகு, வலை எல்லாம் கறுப்பு. டிவியில பாத்திருப்பீங்க.

எங்க பில்டிங் ஜெனரேட்டர் மேடை மேல இருந்ததால தப்பிச்சிடுச்சு. ஆனா மூணாவது நாள் டீசல் காலி. மூணாவது மாடி தாத்தாவுக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடணும், அது கரண்ட் இல்லாம ஓடாது. அதனால ஜெனரேட்டர் எங்களுக்கு லிப்ட், மோட்டார் சமாச்சாரம் மட்டும் இல்ல. யார் யாருக்கோ போன் போட்டு, கடைசியில ஒரு லோடு ஆட்டோக்காரர் 20 லிட்டர் கேன் ரெண்டு கொண்டு வந்தார். அந்த வாரம் தெருத் தெருவா ஜெனரேட்டருக்கு டீசலும் வண்டிகளுக்கு பெட்ரோலும் கொண்டு போய்க் குடுத்துட்டு இருந்த மனுஷன். எல்லாமே ஒரே மாதிரி அழுக்கு வெள்ளை கேன். எதுலயும் ஒரு எழுத்து கிடையாது.

டார்ச் வெளிச்சத்துல அவரே ஊத்தினார். முதல் கேன் டீசல். ரெண்டாவது கேன் பாதி இறங்கும்போது எங்க எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். வந்தவர் மூக்கைச் சுளிச்சார். "நிறுத்துபா, நிறுத்து!" கேன் வாயில விரலை வச்சு ரெண்டு சொட்டு எடுத்துத் தேச்சார். டீசல்னா விரல்ல பிசுபிசுன்னு நிக்கும். இது ஜில்லுனு இருந்துட்டு ஆவியாப் போயிடுச்சு. பெட்ரோல்!

இங்க கொஞ்சம் பாடம் (கொட்டாவி விடாதீங்க). பெட்ரோலுக்கு ஆக்டேன்னு ஒரு நம்பர் உண்டு. அழுத்தத்துல தானாப் பத்திக்காம இருக்கறதுக்குக் குடுக்கற மார்க் அது. டீசலுக்கு சீட்டேன்னு ஒரு நம்பர். தானாப் பத்திக்கறதுக்குக் குடுக்கற மார்க். அதாவது ஒருத்தனோட நல்ல குணம் இன்னொருத்தனுக்குக் கெட்ட குணம். அதோட, டீசல் இன்ஜின் பம்ப்புக்கு உயவு எண்ணெயும் அந்த டீசலே தான். பெட்ரோல் போனா இரும்பு இரும்போட உரசும். இதை விடப் பெரிய விஷயம் ஆவி. நம்மூர்ல டீசலுக்கு 35 டிகிரிக்குக் கீழ பத்திக்கற அளவு ஆவி வரக் கூடாதுன்னு தர விதி இருக்கு. பெட்ரோலுக்கு மைனஸ் 40 பக்கமே வந்துடும். சட்டமே இந்த வித்தியாசத்தைத் தெளிவாச் சொல்லுது: லைசென்ஸ் இல்லாம டீசல் 2500 லிட்டர் வரைக்கும் வச்சுக்கலாம், பெட்ரோல் 30 லிட்டர் தான். டீசல்னு நெனச்சு பெட்ரோலை பில்டிங்குக்குக் கீழ ஊத்தி வச்சா என்ன அர்த்தம்னு பாத்துக்கோங்க.

உடனே ஆரம்பிச்சது பஞ்சாயத்து. "பாதி கேன் தானேபா, ஸ்டார்ட் பண்ணிப் பாரு"ன்னு ஒருத்தர். "பெரியவர் உசுரு போனா நீ பொறுப்பா?"ன்னு இன்னொருத்தர். அண்ணன் ஒண்ணும் பேசல. நேரா போய் பேட்டரி வயரைக் கழட்டி சட்டைப் பைக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு நின்னார். யாரும் சாவியைத் திருப்ப முடியாது, பொறியும் வராது.

நான் மாடிக்கு ஓடினேன். தாத்தா பையன் ராயபுரத்துல வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் இருந்துச்சு. முழுசா இருந்தா சுமார் 1500 லிட்டர், மீட்டர்ல பாதி காட்டுது. தாத்தாவுக்கு நிமிஷத்துக்கு 2 லிட்டர். அப்படின்னா கிட்டத்தட்ட 6 மணி நேரம். கீழ வந்து சொன்னேன். "மூணு மணி நேரம் குடு தம்பி, போதும்"னார் அண்ணன். அதுக்கப்புறம் தான் கூச்சல் அடங்குச்சு.

செஞ்சது இதான்: போன், சிகரெட் எல்லாம் தூரப் போச்சு. கைப்பம்ப் வச்சு டேங்க்ல இருந்ததை மூடி போட்ட இரும்பு டிரம்முக்கு மாத்தினோம் (வாயால உறிஞ்சறதெல்லாம் சினிமாவோட போகட்டும், நுரையீரலுக்குள்ள போனா ஆள் காலி). 5 லிட்டர் நல்ல டீசல் ஊத்தி அலசி அதையும் எடுத்தாச்சு. மறுபடி ஒரு தடவை. பில்டரைத் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டி, லைன்ல ஏர் எடுத்து, அப்புறம் தான் பேட்டரி வயர். ராத்திரி பத்தேகாலுக்கு மெஷின் ஓடுச்சு.

கலந்த எண்ணெயை என்ன பண்றது? "வெளிய தான் ஊரே எண்ணெய், இதையும் கால்வாயில ஊத்து"ன்னு ஒரு குரல். அண்ணன் திரும்பி ஒரு முறை முறைச்சார், குரல் காணாமப் போச்சு. டிரம்மை வெட்டவெளியில ஓரமா வச்சு, அப்புறம் கழிவு எண்ணெய் எடுக்கறவங்க கிட்ட சேத்தாங்க. மண்ணுக்குள்ள எண்ணெய் போனா என்ன ஆகும்னு எங்க பக்கத்து ஜனத்துக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேணாம். 2013ல தண்டையார்பேட்டையில துறைமுகத்துல இருந்து வர்ற பைப்லைன் கசிஞ்சு, வீட்டு போர்ல எரிபொருள் வந்துச்சே. பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போன கேஸ்.

லோடு ஆட்டோக்காரரை நான் திட்ட மாட்டேன். ரெண்டு நாளா தூங்காத ஆளு, காசைத் திருப்பிக் குடுத்துட்டு கடைசி வரைக்கும் கூடவே நின்னார். என்னை உறுத்தறது வேற. எங்க ஆயா ரேஷன்ல வாங்கற கிருஷ்ணாயில் நீலமா இருக்கும். மானிய எண்ணெயை டீசல்ல கலந்து அடிக்கக் கூடாதுன்னு போட்ட சாயம். தோஸ்த் ஊர்ல சிவப்பு, வரிக்காக. யோசிச்சுப் பாருங்க, அந்தச் சாயம் ரெண்டும் அரசாங்கத்துக் காசைக் காப்பாத்தப் போட்டது. ஸ்டவ் பக்கத்துல நிக்கற ஆயாவையும் மூணாவது மாடி தாத்தாவையும் காப்பாத்த ஒரு மனுஷன் தான் நின்னு மோந்து பாக்க வேண்டியிருக்கு.

அப்படிப் பாக்கறவனுக்கு நாம என்ன மரியாதை குடுக்கறோம்? 2005 நவம்பர்ல உத்தரப் பிரதேசத்துல லக்கிம்பூர் கேரியில, கலப்பட பங்க்குகளைப் பிடிச்சதுக்காக மஞ்சுநாத் சண்முகம்னு ஒரு இந்தியன் ஆயில் அதிகாரியைச் சுட்டே கொன்னாங்க. வயசு 27. கிட்டத்தட்ட என் வயசு. எங்க அண்ணனுக்கு அந்த அளவுக்கெல்லாம் ஆகல, அன்னிக்கு வாங்கினது திட்டு மட்டும் தான். அடுத்த மாச மீட்டிங்ல அந்த மூணு மணி நேரத்துக்குக் கூலி குடுக்கணுமான்னு அரை மணி நேரம் பேசினாங்க. குடுத்தாச்சு. தாத்தாவே கீழ இறங்கி வந்து உக்காந்திருந்தார், அப்புறம் எப்படிக் குடுக்காம இருப்பாங்க?

இப்ப எங்க பில்டிங்ல சொந்தமா ரெண்டு கேன் இருக்கு. பெயிண்ட்ல பெருசா "டீசல்"னு எழுதினது அண்ணன் கையெழுத்து. ஊத்தறதுக்கு முன்னாடி ரெண்டு சொட்டு விரல்ல தேய்ச்சுப் பாக்கறது வாட்ச்மேன் வேலை.

மக்களே, உங்க அபார்ட்மெண்ட் கேன்ல பேரு எழுதியிருக்கா? கீழ போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க.

பி.கு: "மச்சி, பில்லுல வித்தியாசத்தை யாரு குடுப்பா?"ன்னு தோஸ்த் திரும்ப மெயில் போட்டிருக்கான். அதெல்லாம் சிலபஸ்ல இல்ல ராசா :-)