வாடிய இலைகள்

குலை ஈன்ற வாழையை வெட்டிச் சாய்ப்பதும், பூத்து ஓய்ந்த செடியைக் கத்தரிப்பதும் நம் தோட்டங்களில் வழக்கம். அந்த வழக்கத்தோடுதான் 2016-ஆம் ஆண்டு, உயிர்ப்புப் பெருவிழா கழிந்த சில நாள்களில், இங்கிலாந்தில் வாழும் என் மகன் வீட்டிற்குச் சென்றேன்.

வீட்டின் பின்புறத்தில் சிறு தோட்டம். அதன் மூலையில் டாஃபோடில் செடிகள். மலர்கள் கருகியிருந்தன, நீண்ட இலைகள் பழுத்து நிலத்தில் சாயத் தொடங்கியிருந்தன. மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றிருந்த ஒரு பகலில் அவற்றைத் தரையோடு அறுத்துக் குப்பையில் இட்டேன். மாலையில் மருமகள் கண்டாள். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

மறு ஆண்டு தவக்காலம் வந்தது. அந்நாட்டில் இம்மலரின் காட்டு வகைக்குத் 'தவக்கால லீலி' என்றே ஒரு பெயர் உண்டு. அண்டை வீட்டுத் தோட்டங்களெல்லாம் பொன்னிறமாய்ப் பொலிந்தன. எங்கள் மூலையிலோ மெலிந்த இலைகளேயன்றி ஒரு மொட்டும் இல்லை. அன்றிரவு செபமாலை முடிந்தபின் மகன் என்னைத் தனியே அழைத்து உண்மையைச் சொன்னான். 2014-ஆம் ஆண்டு கோடையில் பிறந்து, மருத்துவமனையிலேயே ஞானஸ்நானம் பெற்று, ஒன்பதாம் நாள் இறைவனடி சேர்ந்த என் பேத்தியின் நினைவாக, அவ்வாண்டு செப்டம்பரில் மருமகள் தன் கையால் ஊன்றிய பன்னிரண்டு கிழங்குகள் அவை!

நான் மன்னிப்புக் கேட்டேன். "அறியாமல் செய்ததுதானே, மாமா? கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறதே" என்றாள் அவள்.

அடுத்த வீட்டு மூதாட்டியிடம் இச்செடியின் இயல்பைக் கேட்டறிந்தேன். வெங்காயம் போன்ற இக்கிழங்கை, கூர்முனை மேல்நோக்க, அதன் உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில், நீர் தேங்காத மண்ணில் ஊன்ற வேண்டும். நச்சுள்ளதாகையால் சமையலறை வெங்காயத்தோடு கலந்துவிடலாகாது. மூன்று நான்கு மாதக் குளிர் இன்றி இது பூக்காது. வாடிய பூவைக் கிள்ளலாம்; இலையை மட்டும் தொடலாகாது. பூ ஓய்ந்தபின் ஆறு வாரமேனும் இலைகள் வெயிலை உண்டு கிழங்கிற்கு உணவு சேர்க்கின்றன. அடுத்த ஆண்டின் மொட்டு அப்போதுதான் கிழங்கினுள் உருவாகிறது. அழகுக்காக இலைகளை முடிந்து வைப்பதும் தீங்கே.

அவ்வாண்டு சாம்பல் சத்து மிகுந்த உரமிட்டு, இலைகள் தாமாகக் காய்ந்து விழும்வரை காத்திருந்தேன். பார்வைக்கு அலங்கோலந்தான். நாள்தோறும் அவற்றின் அருகே நின்றபோது, 2014-இல் நான் எழுதிய கடிதம் நினைவிற்கு வந்தது. "எல்லாம் இறைவன் சித்தம். மறந்துவிடு, மகளே, அழுதது போதும்" என்று குழந்தையை இழந்த தாய்க்கு எழுதியிருந்தேன். இலைகளை அறுக்கும் முன்பே, அவளது துயரத்தையும் அன்றே அறுக்க முனைந்திருக்கிறேன்!

அன்பர்களே, நம் பங்குகளிலும் துக்க வீட்டிற்குச் செல்கிறோம். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், "இன்னும் ஏன் அழுகிறாய்?" என்கிறோம். பிறர் கண்ணீர் நம் கண்ணை உறுத்துகிறது. அதனால் விரைந்து துடைக்கப் பார்க்கிறோம். இயேசுவோ, லாசரை எழுப்பப் போவதை அறிந்திருந்தும், அவருடைய சகோதரி அழக் கண்டு தாமும் அழுதார். துயரமும் அன்பின் பழுத்த இலையே. அது தனக்குரிய காலம்வரை கிடக்கட்டும்.

2018-ஆம் ஆண்டு மார்ச் தொடக்கத்தில் கடும் பனி பொழிந்தது. நம்பிக்கை இழந்திருந்தேன். புனித வாரத்திலோ மூன்று மலர்கள் தலைகாட்டின. பெரிய சனிக்கிழமை காலையில் மருமகள் அவற்றின் அருகே நெடுநேரம் நின்றாள். பிறகு உள்ளே சென்று, ஒரு சிறு புகைப்படத்தை எடுத்து வந்து என் கையில் தந்தாள். என் பேத்தியின் முகத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.