வளையத்துக்குள் ஒளிந்திருக்கும் குதிரைகள்!

கடைசல் இயந்திரத்தில் ஒரு மரத்தட்டு விர்ரெனச் சுழல்கிறது. உளி பட்டதும் ஈரமான சீவல்கள் நாடா நாடாகப் பறக்கின்றன. கடைசியில் கையில் மிஞ்சுவது மேடும் பள்ளமுமான ஒரு வளையம். ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று சுற்றி நிற்பவர்கள் யோசிக்கும்போதே, அதன் மீது கத்தியை வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு. வளையம் பிளக்கிறது. வெட்டுமுகத்தில் தலை, முதுகு, கால்களோடு ஒரு குதிரை! கேக்கைத் துண்டு போடுவதுபோலப் பிளந்துகொண்டே போனால், ஒரே வளையத்திலிருந்து டஜன் கணக்கில் குதிரைகள்.

இந்த அதிசயம் நடக்கும் ஊர் சைஃபன். ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், செக் நாட்டு எல்லையை ஒட்டிய மலைக் கிராமம். ஒரு காலத்தில் வெள்ளீயச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த ஊர். சுரங்கத் தொழில் நலிந்தபோது, மக்கள் மரக் கடைசலைப் பிடித்துக்கொண்டார்கள். மலிவு விலைக்கு ஏராளமான பொம்மைகள் செய்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை. அந்த நெருக்கடியில், 1800-ஐ ஒட்டிப் பிறந்ததுதான் இந்த வளையக் கடைசல்.

இதன் உயிர், உளியில் இருக்கிறது. குதிரையின் வயிற்று வளைவுக்கு ஓர் உளி, கால்களுக்கு நடுவே உள்ள சந்துக்கு ஒடுங்கிய இன்னோர் உளி. கடையில் வாங்கிய உளியை அப்படியே வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு உட்கார முடியாது. முனையை வேலைக்கேற்பத் தேய்த்து, தீட்டிக்கொள்ள வேண்டும்.

உளி செய்வதிலும் பக்குவம் உண்டு. எஃகைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டெனக் குளிர்வித்தால் கடினமாகும். ஆனால், கண்ணாடிபோல உடையும். மீண்டும் மெல்லச் சூடாக்கி, வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்தினால் பதம். தீட்டும்போது சூடேறி முனை நீலம் பாய்ந்தால், அந்தக் கூர் நிற்காது.

கூர் மழுங்கினால் நஷ்டம் பெரிது. ஸ்ப்ரூஸ் மரத்தை ஈரமாகவே கடைகிறார்கள். முதலில் ஒரு பக்கம், பிறகு திருப்பி மறுபக்கம். கடையும்போது குதிரை கண்ணுக்குத் தெரியாது, கைதான் கண். ஓர் இடத்தில் உளி பிசகினால், அந்த வளையத்தில் உள்ள அத்தனை குதிரைகளுக்கும் அதே ஊனம்!

பிளந்த துண்டுகளின் ஓரங்களைச் சீவி, காதும் வாலும் பொருத்தி, வண்ணம் பூசினால் பொம்மை தயார். இந்த வித்தை தெரிந்தவர்கள் இன்று மிகச் சிலரே.

சைஃபனின் பொம்மை அருங்காட்சியகத்திலும் திறந்தவெளி அருங்காட்சியகத்திலும் இந்தக் கலையைப் பார்க்கலாம். கிறிஸ்துமஸ் காலத்தில் ஊரே விளக்கொளியில் மின்னும், கூட்டமும் அதிகம். போகிறவர்கள் குதிரை வெளிவரும் நொடியோடு திரும்பிவிடாமல், பக்கத்தில் வரிசையாக இருக்கும் உளிகளின் முனைகளையும் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு வரலாம்.