ஏழாம் தேதி

மும்பையின் அந்தேரியில் அலுவலகங்களைத் தூய்மை செய்யும் தொழில் நடத்துகிறேன். ஐவருடன் தொடங்கியபோது வாய்ச்சொல்லே போதுமாயிருந்தது. இன்று 60 பேர். மராத்தி, இந்தி, ஒடியா, தமிழ் என மொழிகள் பல. எனவே, துணியின் நிறமே பேசுகிறது: கழிப்பறைக்குச் சிவப்பு, சமையலறைக்குப் பச்சை, மேசைக்கு நீலம். பிளீச்சிங் பவுடரும் அமிலமும் கலந்தால் நச்சுவாயு எழும் என்பதை மட்டும் அவரவர் மொழியிலேயே சொல்லிவிடுவேன்.

புதிய அலுவலகம் கிடைத்தால் மகிழ்ச்சிதான். கவலையும் உடன் வரும். அவர்கள் பணம் தர இரண்டு மாதங்கள் ஆகும். ஊதியத்தையோ அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வழங்க வேண்டும் என்பது சட்டம். வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் காத்திருக்குமா, என்ன?

அண்மையில் பெரிய வணிக வளாகம் ஒன்று அழைத்தது. மூன்று மாத ஊதியத்தொகை கையிருப்பில் சேரும்வரை பொறுக்குமாறு கேட்டிருக்கிறேன்.