கிணற்றுச் சுவரில் ஒரு பெரணி

"எங்கள் ஊர் வறண்ட பூமி. நிழல்வலை போட்டு அலங்காரப் பெரணி வளர்த்தால் பிழைக்குமா?" என்று குன்னம் பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். உட்கார்ந்த இடத்தில் பதில் எழுதுவதைவிட, பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம்.

பெரணி என்றதும் எல்லோரும் கைகாட்டுவது பச்சைமலையைத்தான். மழைக்காலத்தில் இலாடபுரம் மயிலூற்று அருவிப் பக்கம் பாறை இடுக்கெல்லாம் பச்சை கட்டியிருக்கும். ஆனால் அருவிச் சாரலில் வாழும் செடி சமவெளி வெயிலுக்கு இறங்கினால் தாங்காது. பெயர்த்து எடுத்து வருவதும் தப்பு. அது காட்டுக்குச் சொந்தம்.

வாசகருக்கான விடை ஆலத்தூர் தாலுகாவில், மக்காச்சோளக் காட்டின் நடுவே ஒரு பழைய கிணற்றில் இருந்தது. கமலை இறைத்த காலத்துக் கல்கட்டு. சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடுக்கில் தென்னங்கீற்றைச் சிறிதாக்கியதுபோல் இலைகள் தொங்கின. நுனிச் சிற்றிலை நீளம். அடிப்பக்கம் வரவரக் குட்டை. இதுதான் டெரிஸ் விட்டேட்டா. சீனாவிலிருந்து போன செடியைப் பார்த்து 1753-ல் லின்னேயஸ் பெயர் வைத்தார். வெளிநாட்டு நர்சரிகளில் 'சைனீஸ் பிரேக்'. நம் ஊரில் சுவரில் முளைத்த களை என்று பிடுங்கிப் போடுகிறோம்!

இதற்குச் சுண்ணாம்பு பிடிக்கும். அரியலூரை நோக்கிப் போகும்போது சிமென்ட் ஆலைகளும் சுரங்கங்களும் கண்ணில் படுகின்றனவே, அந்தச் சுண்ணாம்புக்கல் எல்லாம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தபோது படிந்தது. சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் கல்மரம் அந்தக் கடலில் வந்து புதைந்ததுதான். (அது பெரணி அல்ல, பூக்காத வேறொரு மரவகை. பெரணி இனமோ அதைவிடப் பழையது.) கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்று மற்ற அலங்காரச் செடிக்காரர்கள் அலுத்துக்கொள்ளும் இடத்தில், இந்தப் பெரணி தெம்பாக நிற்கும். உவர்நீர் வேறு சங்கதி, அது வேண்டாம்.

பெரணிக்குப் பூவும் கிடையாது, விதையும் கிடையாது. இலையைத் திருப்பினால் சிற்றிலை ஓரம் நெடுகப் பழுப்புக் கோடு தெரியும். அதில் இருப்பது வித்துத்தூள். கோடு பழுத்த இலையை நறுக்கிக் காகிதத்தில் மடித்து வையுங்கள். சில நாளில் தூள் கொட்டிவிடும். சலித்த இலைமக்கும் செங்கல் பொடியும் கலந்து, கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, மேலே லேசாகத் தூவி, கண்ணாடி மூடி நிழலில் வையுங்கள். மண்ணால் மூட வேண்டாம். சில வாரத்தில் பாசிபோலப் படர்ந்து, குட்டிக்குட்டி இதய வடிவத் தகடுகள் வரும். அந்தக் கட்டத்தில் மேலே ஈரப்படலம் காயவே கூடாது. ஆண் அணு நீந்திப் போய்த்தான் கரு கூட வேண்டும். நிறையப் பேர் தோற்பது இங்கேதான். பொறுமை இல்லாதவர்கள் தூரைப் பிரித்து நடலாம்.

தொட்டிக்கு இலைமக்கு, மணல், உதிர்ந்த பழங்காரைத் தூள் போதும். வடிகால் முக்கியம். நிழல்வலை 50 சதவிகிதம் சரி. பூங்கொத்துக்காரர்கள் கேட்கும் லெதர்லீஃப் பெரணி குளிர்ந்த மலைக்கு ஏற்றது, அதை இங்கே முயல வேண்டாம். எடுத்த எடுப்பில் ஏக்கர் கணக்கில் இறங்காமல், நூறு தொட்டி வளர்த்து, பக்கத்து நர்சரிகளில் விற்றுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. மரத்துக்குப் பூசும் மருந்தால் கெட்டுப்போன ஃபுளோரிடா மண்ணில், இதே பெரணி ஆர்சனிக் நஞ்சை வேரால் உறிஞ்சி இலையில் சேர்ப்பதை 2001-ல் 'நேச்சர்' இதழில் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். மண்ணைச் சுத்தம் செய்ய அருமையான செடி. ஆனால் ஆலைக்கழிவு, பழைய மருந்துக் கிடங்கு இருந்த இடத்து மண்ணைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். கழித்த இலையை ஆட்டுக்குப் போடுவதோ, கீரைப் பாத்தி மக்குக்குழியில் சேர்ப்பதோ வேண்டாம்.

ஆலத்தூர்க் கிணற்றுக்காரர் அடுத்த கோடையில் உள்சுவருக்கு சிமென்ட் பூசப்போகிறாராம். அதற்குள் நாலு தூரைப் பெயர்த்துத் தொட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறோம்.