ஒரு பானை உலோகத்துக்கு எத்தனை சோறு பதம்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். சோற்றுக்குச் சரி, பானை முழுக்க ஒரே அரிசிதானே! லேத் பட்டறையில் இரும்பைச் சீவும் கார்பைடு டூல் அப்படி இல்லை. மிகக் கடினமான டங்ஸ்டன் கார்பைடு துகள்களை, அதைவிட மென்மையான கோபால்ட் பிடித்து வைத்திருக்கிறது. கடலை மிட்டாய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோபால்ட் இல்லாவிட்டால் டூல் சுலபமாக நொறுங்கிவிடும்.

எந்த இடம் எவ்வளவு கடினம் என்று பார்க்கத்தான் நானோ இண்டென்டேஷன். மூன்று பக்க வைர முனையை மேற்பரப்பில் அழுத்துவார்கள். பள்ளத்தின் ஆழம் சில நூறு நானோமீட்டர் இருந்தால் அதிகம். விசையைத் தொடுபரப்பால் வகுத்தால் கடினத்தன்மை கிடைக்கும். இவ்வளவு சின்னப் பள்ளத்தின் பரப்பை எப்படி அளப்பது? விசையைத் தளர்த்தும்போது முனை மேலெழும் விதத்திலிருந்தே கணக்கிடும் முறையை 1992-இல் ஆலிவரும் ஃபாரும் விளக்கினார்கள்.

நினைத்த இடத்திலெல்லாம் குத்தவும் முடியாது. ஒரு பள்ளம் பக்கத்துப் பள்ளத்தைக் கெடுக்கும். ஆழத்தைப் போல் 20 மடங்காவது தள்ளிக் குத்து என்றார்கள். 10 மடங்கே போதும் என்று 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. ஓட்டையிலும் விரிசலிலும் விழுந்த குத்துகளைக் கழித்தால், மிஞ்சுவது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள்.

ஆனால் கடைசியில் வரும் வரைபடத்தில் ஒரு இடைவெளிகூட இருக்காது, முழுக்க வண்ணம்! நடுவில் இருப்பதெல்லாம் கணிப்புதான். அருகில் உள்ள புள்ளிக்கு அதிக மதிப்புக் கொடுத்துச் சராசரி எடுக்கும் வழியை 1968-இல் வெளியிட்ட டொனால்ட் ஷெப்பர்ட், ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த மாணவர். (மாணவர்கள் கவனிக்க!) அதற்கு முன்பே 1951-இல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரீக் இதே சிக்கலில் இறங்கியிருந்தார். அங்கே தவறினால் பணம் மண்ணோடு போகும். அவர் பெயரால் வந்த கிரிகிங் முறையில் ஒரு நேர்மை உண்டு: கணிப்போடு, அது எவ்வளவு தவறலாம் என்பதையும் சொல்லிவிடும்.

சிக்கல் என்னவென்றால், சராசரி எல்லைகளை மதிக்காது. ஒரு பேச்சுக்கு, துகள் 24, கோபால்ட் 8 என்றால் நடுவில் 16 என்று வரையும். மாளிகைக்கும் குடிசைக்கும் நடுவே நடுத்தர வீடு இருந்தே தீருமா என்ன? குத்து விழாத மெல்லிய கோபால்ட் பட்டை வரைபடத்திலிருந்தே காணாமல் போகும். முதலில் மைக்ராஸ்கோப் படத்தில் எல்லையைப் பார்த்து, துகளைத் தனியாகவும் கோபால்ட்டைத் தனியாகவும் கணித்தால் இந்தப் பொய் குறையும். குத்திய புள்ளிகளையும் வண்ணத்தின் மேலேயே காட்டிவிட்டால், எது அளந்தது, எது ஊகம் என்று பார்ப்பவருக்கே தெரிந்துவிடும்.