கருவூலத்தில் வேலை பார்த்தவர்

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ‘தண்ணீர்’ என்றொரு சிறுகதை உண்டு. அதன் ஆசிரியர் குறிப்பு நாலைந்து வரிதான். கந்தர்வன், இயற்பெயர் நாகலிங்கம், இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் என்று சொல்லிவிட்டு, அவருடைய புத்தகங்களுக்கு வருவதற்கு முன்பே, அரசின் கருவூலக் கணக்குத் துறையில் பணியாற்றியவர் என்கிறது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். என்னால் முடியவில்லை.

கந்தர்வன் புதுக்கோட்டையில் வாழ்ந்தவர். ஊர்க்காரன் என்ற உரிமையில் அவரை மேசையோடு சேர்த்துத்தான் நினைத்துப் பார்க்கிறேன். கருவூலம் என்றால் சம்பளப் பட்டியல், ஓய்வூதியம், முத்திரைத்தாள், செலான். ஒரு பில்லில் ஓர் இலக்கம் பிசகினால், எங்கோ ஒரு கிராமத்தில் புருஷனை இழந்த அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் அந்த மாதம் வராது. அரைமனதோடு பார்க்கிற வேலையல்ல அது. அவர் அங்கே சம்பளத்துக்காக மட்டும் உட்கார்ந்திருக்கவும் இல்லை. ஊழியர்களின் சங்கத்தில் முன்னே நின்றவர். அதற்கு நடுவேதான் கவிதை, கதை, முற்போக்கு எழுத்தாளர் சங்கக் கூட்டம் எல்லாம். 2004-இல் மறைந்தார். அவருடைய ‘சாசனம்’ கதையை மகேந்திரன் எடுத்த படம் 2006-இல்தான் திரைக்கு வந்தது.

இந்த ஊருக்கே இப்படி ஒரு வாகு இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மாமுண்டியா பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1859-இல் பிறந்தவர். சமஸ்தான அரண்மனையில் விளக்கேற்றுகிற வேலையில் இருந்தார் என்று இசைக்காரர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மாரியப்பத் தவில்காரரிடம் லயம் கற்றார். பஜனை கோஷ்டியில் தட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன வாத்தியத்தைச் செப்பம் செய்து, கச்சேரி மேடையில் கஞ்சிராவாக உட்கார வைத்தவர் அவர்தான். தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் பழனி முத்தையா பிள்ளையும் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். புதுக்கோட்டை வழி என்று மிருதங்கக்காரர்கள் இன்றும் மரியாதையோடு சொல்வது அங்கே தொடங்கியது.

கஞ்சிராவை நான் மிக அருகில் பார்த்தது திருக்கோகர்ணத்தில் ஒரு பஜனையில். அப்போது பள்ளிக்கூடப் பையன். வாசித்தவருக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. தபால் ஆபீசில் வேலை பார்ப்பவர். சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார், ஆனால் வலது கைக் கட்டைவிரலில் முத்திரை மை போகவில்லை. பலா மரத்தில் கடைந்த வளையம். விரித்த கை அகலம்கூட இராது. ஒரு பக்கம்தான் தோல், அதுவும் உடும்புத் தோல். விளிம்பு வெட்டில் இரண்டு பழைய காசுகள். செம்புத் தண்ணீரில் விரலை நனைத்து, தோலின் உட்புறத்தில் தடவி, தட்டிப் பார்த்தார். பிறகு இன்னும் ஒரு சொட்டு. ஈரம் ஏறினால்தான் சுருதி இறங்கிக் கும்மென்று பேசும். காய்ந்தால் கீச்சென்று ஏறிவிடும். பாட்டுக்குப் பாட்டு இதே காரியம். இடது கைவிரல்கள் விளிம்போரமாகத் தோலை அழுத்தி அழுத்தி விட, அந்த ஒற்றைத் தோலிலிருந்தே மிருதங்கத்தின் தொப்பி மாதிரி ஒரு குழைவு வந்தது. அவருக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை, சுண்டலும் பானகமும்தான். விடிந்தால் ஆபீஸ். ஆனால் அவர் முகத்தில் இருந்த நிறைவை அதற்குப் பிறகு நான் அதிகம் பேரிடம் பார்த்ததில்லை.

போன வருஷம் என் தங்கை மகள் குரூப் 4 எழுதித் தேறினாள். ஓவியம் வரைகிற கை அது. உத்தரவு கையில் வந்த அன்று, “மாமா, வேலையில சேந்துட்டா வரையிறத விட்ருவேனோன்னு பயமா இருக்கு” என்றாள். “பிடிச்சதச் செய்யணும்னு எல்லாரும் சொல்றாங்களே?”

சொல்கிறார்கள். மழையை நம்பிய ஏரிப் பாசனத்து ஊரில், அப்பாவின் கடனும் தம்பியின் படிப்பும் ஒரே சம்பளத்தை எதிர்பார்த்திருக்கிற வீட்டில், அது பாதி யோசனைதான். பிடித்த வேலையே சோறும் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், சோற்றுக்காக அந்தக் கலையே வளைந்து கொடுக்க வேண்டி வரும். சம்பளம் ஆசையின் எதிரி என்று நான் நம்பவில்லை. ஆசை யாரிடமும் கையேந்தாமல் இருக்க இந்த ஊர் கண்ட வழி அது. அவளிடம், “சேந்துரும்மா. முதல் சம்பளத்துல நல்ல தூரிகையா வாங்கு” என்றேன். வாங்கினாள்.

முத்துலட்சுமி ரெட்டி வேறு மாதிரி முடிவெடுத்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, 1912-இல் சென்னையில் மருத்துவப் படிப்பை முடித்தவர். நன்றாக நடந்துகொண்டிருந்த மருத்துவத் தொழிலைச் சட்டமன்றப் பணிக்காக விட்டார். அந்தத் துணிச்சலை வணங்குகிறேன். ஆனால் அதை எல்லாப் பிள்ளைகளிடமும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சம்பளம் என்னவெல்லாம் செய்யும் என்று பார்க்க வேண்டுமானால் திருக்கோகர்ணத்து ஞானாலயாவுக்குப் போக வேண்டும். பா. கிருஷ்ணமூர்த்தி பள்ளி ஆசிரியர், டோரதி கல்லூரிப் பேராசிரியர். இருவர் சம்பளமும் பழைய புத்தகங்களாக மாறி, ஒரு லட்சத்தைத் தாண்டிய நூலகமாக நிற்கிறது. கிடைப்பதற்கரிய முதற்பதிப்புகளைத் தேடி ஆய்வாளர்கள் வந்துபோகும் இடம். அலமாரிகளைப் பார்க்கிற எல்லோரும் வாங்கியவரின் ஆர்வத்தைத்தான் வியக்கிறார்கள். எனக்கு அந்த வீட்டின் மாதக் கணக்குதான் கண்முன் வருகிறது. நகைக்கோ நிலத்துக்கோ போயிருக்கக்கூடிய பணம் புத்தகத்துக்குப் போக, இருவருமே அதற்குச் சம்மதித்திருக்க வேண்டும். ஒருவர் முகம் சுளித்திருந்தாலும் அந்த நூலகம் இல்லை.

தனி மனிதரின் மன உறுதியைப் பற்றியே பேசுகிறோம். வீட்டார் விட்டுக் கொடுக்கிற நேரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். மாதம் பிறந்தால் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இரவில் எதையோ எழுதிக்கொண்டோ தட்டிக்கொண்டோ இருப்பார். இதனால் என்ன வரும்படி என்று தயவுசெய்து அவரிடம் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணங்களில் பாதிக்காவது அவர் இல்லாமல் போய் வாருங்கள்.