நிகர எடையும் அமானிதமே

எங்கள் இல்லத்தில் மெழுகுவர்த்தி வார்த்து விற்கிறோம். கண்ணாடிக் குவளையில் வார்த்தவற்றுக்கு 300 கிராம் என்று சீட்டு ஒட்டினால் விரைவில் விற்கும் என்றார் கடைக்காரர் ஒருவர். குவளையையும் சேர்த்த எடை அது. மெழுகும் திரியும் 150 கிராமே. மறுத்தோம், அவர் எங்களிடம் சரக்கெடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

உறையும் கலனும் நீங்கலான நிகர எடையையே குறிக்க வேண்டும் என்பது பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதி. குவளைகளின் எடை ஒன்றுபோல் இராது. ஆகவே ஒவ்வொன்றையும் முதலில் வெறுமையாக நிறுத்து, மெழுகு இறுகியபின் மீண்டும் நிறுத்து, கழித்து வரும் எடையையே எழுதுகிறோம்.

திருமறையின் 83ஆம் அத்தியாயம் அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கண்டித்தே தொடங்குகிறது. வாங்குவோர் கையில் தராசு இல்லை. சீட்டை நம்பியே பணம் தருகின்றனர். எரிந்து தீர்ந்த மெழுகை எவரும் நிறுத்துப் பார்க்க இயலாது. ஆகவே, சகோதரிகளே, அவ்வெண் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஒரு கடை குறைந்தது. பரக்கத் குறையவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.